வங்கக்கடலில் புயல் கருக்கொள்வதைச் செயற்கைக்கோள் படங்களில் கண்டறிவது எப்படி? பழனி மலையிலிருந்து ஒரு வழிகாட்டி

நாகப்பட்டினம் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தள்ளி, தாண்டிக்குடிப் பக்கத்தில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவனுக்கு வங்கக்கடலில் என்ன வேலை என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. 2018 நவம்பர் 16-க்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அன்று நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டுத் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாக மேற்கே நகர்ந்தபோது, வலுக்குறைந்த நிலையிலேயே பழனி மலைத்தொடரின் மேல் ஏறியது. மிளகுக்கொடியோடு சேர்த்துச் சில்வர் ஓக் மரங்கள் வேரோடு சரிந்தன, மலைப்பாதைகள் அடைபட்டன, கொடைக்கானல் அருகே மண் சரிந்து உயிர்கள் போயின.

நீலகிரியின் அனுபவம் இதைவிடக் கூர்மையானது. 2009 நவம்பர் 10 காலை வரையிலான 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாகி, உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் நிலச்சரிவுகள் நேர்ந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நேரத்தில் புயல் என்று ஒன்று இருக்கவே இல்லை. அரபிக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான் இருந்தது. அது புயலாகி 'ஃபியான்' என்ற பெயரைப் பெற்றது மறுநாள், நவம்பர் 11 அன்று. கடற்கரைக்காரருக்குப் புயலின் கண் எங்கே கரையேறும் என்பது முதல் கேள்வியாக இருக்கலாம். மலையில் இருப்பவருக்கோ, பெயர் சூட்டப்படுவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களே கண்டத்துக்குரிய நாள்கள். ஆகவே, முழுதாக உருவான புயலைப் பின்தொடர்வதைப் பற்றி அல்லாமல், மேகக்கூட்டம் ஒன்று புயலாகக் கருக்கொள்கிறதா இல்லையா என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு எப்படிக் கணிப்பது என்பதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். வானிலை படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை; இப்போதுதான் கைப்பேசியில் படத்தைத் திறந்து பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதப்பட்டது.

எதைத் தேடுகிறோம்

இந்திய வானிலை ஆய்வுத் துறை, கடல்மட்டத்தை ஒட்டி வீசும் காற்றின் வேகத்தை வைத்தே படிநிலைகளைப் பிரிக்கிறது. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழ் என்றால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். அதற்கு மேலுள்ள தீவிரப் புயல் முதலான படிகள் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

ஒரு மேகக்கூட்டம் இந்தப் படிகளில் ஏற வேண்டுமானால் சில நிலைமைகள் ஒருங்கே அமைய வேண்டும் என்பதை வில்லியம் கிரே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1968-லேயே தொகுத்துக் காட்டினார். கடலின் மேற்பரப்பு வெப்பம் 26.5 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருப்பது, அந்த வெப்பம் ஓரளவு ஆழம் வரை இறங்கியிருப்பது, வளிமண்டலத்தின் நடு அடுக்கில் ஈரம், கீழடுக்கில் ஏற்கெனவே ஒரு சுழற்சி, நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 5 பாகை விலகியிருப்பது, உயரம் கூடக்கூடக் காற்று திசையும் வேகமும் அதிகம் மாறாமல் இருப்பது ஆகியவை அவை. இவற்றில் முதலாவதை மனப்பாடம் செய்துகொண்டு, "கடல் 29 டிகிரி இருக்கிறது, புயல் உறுதி" என்று சொல்லிவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். அக்டோபரிலும் நவம்பரிலும் தென் வங்கக்கடல் பெரும்பாலும் 28 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். எப்போதும் நிறைவேறியிருக்கும் ஒரு நிபந்தனையை வைத்து இந்த வாரத்தையும் சென்ற வாரத்தையும் வேறுபடுத்த முடியாது. வேறுபடுத்திக் காட்டுபவை இரண்டு: கீழடுக்கின் சுழற்சியும் மேல்காற்றும். நாம் அதிக நேரம் செலவிட வேண்டியதும் அவற்றின் மேல்தான்.

முதலில் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

பெரும்பாலான செயற்கைக்கோள் படங்களில் ஒருங்கிணைந்த உலக நேரமே பொறிக்கப்பட்டிருக்கும். அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம். படத்தில் 0000 என்றிருந்தால் இங்கே விடியற்காலை 5.30; 0300 என்றிருந்தால் காலை 8.30, 1200 என்றிருந்தால் மாலை 5.30. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, நேற்று மாலைப் படத்தை இன்று காலைப் படமாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

படங்களுக்கு நான் முதன்மையாக நாடுவது நம்முடைய இன்சாட் வரிசையை. 2016 செப்டம்பரில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகிய இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால், எப்போதும் ஒரே பரப்பைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வானிலைத் துறையின் இணையதளத்திலும், அகமதாபாத்திலுள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் நடத்தும் மோஸ்டாக் தளத்திலும் இவற்றின் படங்கள் அரை மணிக்கு ஒருமுறை கிடைக்கும். அந்தமானுக்குக் கிழக்கே, தாய்லாந்து வளைகுடாப் பக்கத்தைப் பார்க்க ஜப்பானின் ஹிமாவரி-9 உதவும். அது பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. எங்கள் பகுதியில் நவம்பர் மாதத்தில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் ஒன்றாகவே போய்விடும் என்பதால், வானம் தெளிந்திருக்கும்போதே படங்களைச் சேமித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

மூன்று வகைப் படங்கள், மூன்று வகைக் கேள்விகள்

காட்சி ஒளிப் படம் என்பது ஒரு சாதாரணப் புகைப்படம் போன்றது. சூரிய ஒளியை மேகம் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதைக் காட்டும். இன்சாட்டில் இதன் கூர்மை ஒரு கிலோமீட்டர். இரவில் இது பயன்படாது. அகச்சிவப்புப் படம் மேகத்தின் உச்சியிலிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சை அளக்கிறது. மேகம் எவ்வளவு உயரமாக எழுந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் உச்சி குளிர்ந்திருக்கும். மைனஸ் 70, 80 டிகிரி வரை குளிர்ந்த உச்சிகளைத் தென் வங்கக்கடலில் அடிக்கடி காணலாம். இரவும் பகலும் கிடைக்கும் இந்தப் படத்தின் கூர்மை நான்கு கிலோமீட்டர். மூன்றாவதான நீராவிப் படம், வளிமண்டலத்தின் நடு, மேல் அடுக்குகளில் ஈரம் எங்கே இருக்கிறது, வறண்ட காற்று எங்கிருந்து நுழைகிறது என்பதைக் காட்டும்.

முதலிரண்டுக்கும் உள்ள வேறுபாடு கொடைக்கானலில் நின்றால் கண்ணுக்கே புலப்படும். நவம்பர் காலையில் கோக்கர்ஸ் வாக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பாருங்கள்: பெரியகுளம் பக்கத்துச் சமவெளி முழுவதும் பஞ்சுப்பொதி விரித்தாற்போல மேகம் மூடியிருக்கும். அந்த நேரத்துக் காட்சி ஒளிப் படத்தில் அது வெள்ளை வெளேரென்று தெரியும். அதே நேரத்து அகச்சிவப்புப் படத்தைத் திறந்தால் அந்த மேகம் ஏறத்தாழ மறைந்தே போயிருக்கும். நம் காலுக்குக் கீழே கிடக்கும் தாழ்ந்த மேகத்தின் உச்சிக்கும் தரைக்கும் வெப்பத்தில் பெரிய வேறுபாடு இல்லாததே காரணம். இதன் மறுபக்கமும் உண்டு. இடிமேகத்தின் தலையிலிருந்து சிதறிப் பறக்கும் மெல்லிய பனிப்படலம் ஒரு சொட்டு மழையும் தராது. ஆனால் அது மிக உயரத்தில் இருப்பதால் அகச்சிவப்புப் படத்தில் பயமுறுத்தும் அளவுக்குக் குளிர்ந்து தெரியும். எனவே எந்த மேகத்தையும் பகலில் இரண்டு படங்களிலும் பார்த்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும். இரண்டிலும் வெண்மையாகவும், காட்சி ஒளிப் படத்தில் காலிஃபிளவர் பூவைப் போல மேடுபள்ளமாகவும் இருப்பதுதான் உயரமாக எழுந்து கொட்டும் மேகம். காலை ஏழரை, எட்டு மணிக்கு வெயில் சாய்வாக விழும்போது அந்த மேடுகளின் நிழல்கூடப் படத்தில் தெரியும். நாளின் மிகச் சிறந்த படம் அதுதான் என்பது என் கருத்து.

ஓரிரவாவது தாங்குகிறதா?

வானிலைத் தளங்களில் கிடைக்கும், மிகக் குளிர்ந்த மேக உச்சிகளுக்கு நிறமேற்றிய அகச்சிவப்புப் படம் புதியவர்களை எளிதில் ஏமாற்றும், நானும் ஏமாந்திருக்கிறேன். இந்தப் பழக்கத்தைத் தொடங்கிய முதல் ஆண்டில், ஒரு நவம்பர் மாலை ஆறு மணிக்கு இலங்கையின் மேலும் அதையொட்டிய கடலிலும் செக்கச்செவேலென்று ஒரு திட்டைப் பார்த்தேன். களத்தில் பாதி காய்ந்திருந்த காப்பியை நான்கு ஆள் வைத்து அள்ளி அறைக்குள் குவித்தேன். நள்ளிரவுக்குள் அந்தத் திட்டு வெளிறிப் போயிற்று. மறுநாள் சுள்ளென்று வெயில். குவியலில் கிடந்த ஈரக் காப்பியோ புளித்த வாடை அடித்து, அந்தச் சாக்குகளுக்கு மட்டும் விலை குறைந்தது. நான் பார்த்தது, நிலம் சூடேறியதால் பிற்பகலில் எழுந்து, மாலையில் தலை விரித்து, இரவில் கலையும் சாதாரண இடிமேகம்.

நிலத்தின் மேல் மேகம் பிற்பகலில் ஓங்கும். திறந்த கடலின் மேல் பின்னிரவிலும் விடியற்காலையிலும் ஓங்கும். ஆகவே நேற்று மாலைப் படத்தை இன்று காலைப் படத்தோடு ஒப்பிட்டு 'வளர்ந்துவிட்டது' என்றோ 'தேய்ந்துவிட்டது' என்றோ சொல்வது பயனற்றது. நேற்று விடியல் 5.30 மணிப் படத்தை இன்று விடியல் 5.30 மணிப் படத்தோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். கருக்கொள்ளும் மேகக்கூட்டம், கடலுக்குச் சாதகமில்லாத பிற்பகல் நேரத்திலும் முற்றிலும் கலைந்துவிடாமல் ஒரு மையத்தைச் சுற்றித் தங்கி நிற்கும். பிற்பகல் மூன்று மணிக்கு நடுக்கடலில் மிஞ்சி நிற்கும் மேகத்துக்கு நான் விடியற்காலை மேகத்தைப் போல இரண்டு மடங்கு மதிப்பெண் கொடுப்பேன்.

எங்கே பார்ப்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு அந்தமான் கடல், தென்கிழக்கு வங்கக்கடல், இலங்கைக்குத் தென்கிழக்கே உள்ள பரப்பு, குமரிக்கடல் ஆகிய நான்கையும் தினமும் பார்க்க வேண்டும். தாய்லாந்து வளைகுடாவையும் விட்டுவிடக் கூடாது. கஜாவின் கரு நவம்பர் 8 அன்று அங்கேதான் தாழ்வுப் பகுதியாகத் தோன்றி, மலேயத் தீபகற்பத்தைத் தாண்டி வந்து, 10 அன்று தாழ்வு மண்டலமாகி, 11 அன்று புயலாகியது. நமக்கு ஏழெட்டு நாள் அவகாசம் கிடைத்தது. எல்லாப் புயலும் அப்படி அவகாசம் தராது. 2017-இல் ஒக்கி நவம்பர் 29 முற்பகலில் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாகி, மறுநாள் முற்பகலில் குமரிக்கடலில் புயலாகவே மாறியிருந்தது. குமரிக்கடல் பக்கம் உருவாகும் எதையும் நாளுக்கு ஒருமுறை பார்ப்பது போதாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

சுழற்சியைக் கண்டுபிடித்தல்

மேகம் நிறைய இருப்பது ஒன்று; அது சுழல்வது வேறு. நம் அரைக்கோளத்தில் தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் கீழ்க்காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். இதைக் காண, உயர்ந்த மேகத்தை விட்டுவிட்டு, அதன் ஓரங்களில் சின்னச் சின்னக் கோடுகளாக ஓடும் தாழ்ந்த மேகங்களைக் கவனிக்க வேண்டும். காட்சி ஒளிப் படங்களைக் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை வரிசையாக ஓடவிட்டால், மேகக்கூட்டத்துக்கு வடக்கே அந்தக் கோடுகள் மேற்கு நோக்கியும் தெற்கே கிழக்கு நோக்கியும் நகர்கின்றனவா என்பது தெரியும். வடகிழக்குப் பருவத்தில் வடக்குப் பக்கத்துக் கிழக்குக் காற்று எப்போதுமே இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தெற்கே மேற்குக் காற்று இருக்கிறதா என்பதே கேள்வி. சுமத்ராவுக்கு மேற்கே, நிலநடுக்கோட்டை ஒட்டி, மேற்கிலிருந்து காற்று வலுத்து வருவதைக் கண்டால் நான் அடுத்த ஒரு வாரத்துக்கு வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்வதில்லை.

மேகத்தின் நகர்வை வைத்து ஊகிப்பதைவிட நேரடியான சான்று ஒன்று உண்டு. ஸ்காட்டரோமீட்டர் என்ற கருவி, சாய்வான கோணத்தில் கடலை நோக்கி ரேடார் அலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலையின் வலுவை அளக்கிறது. காற்று வீசினால் கடற்பரப்பில் சென்டிமீட்டர் அளவிலான சிற்றலைகள் எழும். காற்று வலுக்க வலுக்க அவை அதிகமாகி, திரும்பும் அலையும் கூடும். ஒரே இடத்தைப் பல கோணங்களில் அளப்பதால் காற்றின் திசையும் கிடைக்கிறது. கப்பலும் மிதவையும் இல்லாத கடற்பரப்பில் காற்று எவ்வளவு, எந்தத் திசையில் என்பதை இதைவிட நன்றாகச் சொல்லும் கருவி வேறில்லை. ஐரோப்பாவின் மெட்டாப் செயற்கைக்கோள்களில் உள்ள ஆஸ்காட் கருவி காலை, இரவு ஒன்பதரை மணியை ஒட்டிக் கடக்கும். 2022 நவம்பர் 26 அன்று ஏவப்பட்ட நம்முடைய ஓஷன்சாட்-3-இலும் ஒரு ஸ்காட்டரோமீட்டர் உள்ளது.

அந்தப் படத்தில் காற்று அம்புக்குறிகளாக வரையப்பட்டிருக்கும். குறியின் வாலிலுள்ள முழுக் கோடு 10 நாட். அரைக் கோடு 5 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். குறிகள் ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு பக்கமும் மூடிய வட்டமாக அமைந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தெற்குப் பக்கம் திறந்து கிடந்தால் அது இன்னும் வெறும் அலை போன்ற மடிப்பு. மூடியிருந்தால் கரு தங்கிவிட்டது என்று கொள்ளலாம். பிறகுதான் வேகம்: மையத்தைச் சுற்றி 17 நாட் அளவு தொடர்ச்சியாகத் தெரிந்தால் தாழ்வு மண்டலத்துக்கான வாசல். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கனமழை பெய்யும் இடத்தில் மழைத்துளிகளே ரேடார் அலையைக் குழப்பிவிடும். ஓஷன்சாட் பயன்படுத்தும் கேயூ அலைவரிசையில் இந்தக் குழப்பம் ஆஸ்காட்டின் சி அலைவரிசையைவிட அதிகம். தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு 40 நாட் குறியை நம்பிப் பதற வேண்டாம். அடுத்தது, ஆஸ்காட் இருபுறமும் 550 கிலோமீட்டர் அகலப் பட்டைகளாக அளக்கிறதே தவிர நடுவே ஓர் இடைவெளி விட்டுவிடுகிறது. நமக்கு வேண்டிய சுழற்சி சொல்லிவைத்தாற்போல அந்த இடைவெளியில்தான் விழும்.

மேல்காற்று என்ன செய்கிறது?

கீழே சுழற்சி இருந்தும் புயலாகாமல் போகும் மேகக்கூட்டங்களே அதிகம். அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் மேல்காற்று. கடல்மட்டத்தில் ஒரு திசையிலும், பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வேறு திசையிலோ வேறு வேகத்திலோ காற்று வீசினால், அடுப்பில் எரியும் சுடரை யாரோ பக்கவாட்டில் ஊதுவது போலாகிவிடும். மையத்தின் மேல் சேர வேண்டிய வெப்பம் அப்பால் அடித்துச் செல்லப்படும். இந்த வேறுபாட்டை ஆர்வலர்கள் 'ஷியர்' என்றே சொல்கிறார்கள். பொதுவாக 20 நாட்டுக்கு மேல் போனால் கருக்கொள்வது கடினம்.

எண்ணைத் தேடாமலே ஷியரைப் படத்தில் பார்க்கலாம். நல்ல நிலையில், கீழே இடஞ்சுழியாக உள்ளே வரும் காற்று மேலே வலஞ்சுழியாக வெளியே விசிறும். அந்த மெல்லிய பனிமேகம் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் மயில் தோகைபோல விரியும். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோல நேர்கோடாகவும் மறுபக்கம் இழுபட்டும் இருந்தால், வெட்டுப்பட்ட பக்கத்திலிருந்து மேல்காற்று தாக்குகிறது என்று பொருள். தென் வங்கக்கடலில் இந்தப் பருவத்தில் மேல்காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுவதால், கீழ்ச்சுழற்சியின் மையம் கிழக்கே அம்மணமாக நிற்க, மழைமேகம் முழுவதும் அதற்கு மேற்கே தள்ளப்பட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். புயலாகும் வாய்ப்பைப் பொறுத்தவரை இது கெட்ட அறிகுறி; ஆனால் நம் மழையைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. மையம் இலங்கைக்கு அப்பால் இருக்கும்போதே மேகம் நம் கிழக்குச் சரிவுகளை வந்து தொட்டுவிடும்.

நீராவிப் படத்தை இந்த இடத்தில்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். நவம்பர் பிற்பாதியிலும் டிசம்பரிலும் வடமேற்கிலிருந்து வறண்ட காற்று கருப்பு நாக்குபோல இறங்கி வங்கக்கடலுக்குள் நுழையும். அது மையத்தைச் சுற்றி வளைத்துவிட்டால் வளர்ச்சி நின்றுபோகும். வெளியிலேயே தங்கினால் ஒன்றும் ஆகாது.

பனிமேகப் படலம் அடர்ந்து எதுவுமே தெரியாதபோது நுண்ணலைப் படம் கைகொடுக்கும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் ஜிபிஎம் போன்ற செயற்கைக்கோள்கள் 89 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் எடுக்கும் படத்தில், மெல்லிய பனிப்படலம் கண்ணாடிபோல விலகி, உள்ளே உண்மையாகவே கொட்டும் மழைப்பட்டைகள் மட்டும் தெரியும். அவை மையத்தைச் சுற்றிக் காற்புள்ளிபோல வளையத் தொடங்கியிருந்தால், மேலே இருந்து பார்க்க ஒழுங்கற்றுத் தெரியும் மேகத்துக்குள் ஒழுங்கு பிறந்துவிட்டது. நாளுக்கு ஒன்றிரண்டு முறையே நம் பகுதியைக் கடக்கும் என்பதுதான் இதன் குறை.

அளவுகோல் வைத்துப் பார்த்தல்

இதுவரை சொன்னதெல்லாம் கண்பார்வை. இதற்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தவர் அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டிவோரக். 1970-களில் அவர் வகுத்த முறையில் ஒவ்வொரு மேக அமைப்புக்கும் 'டி' எண் ஒன்று தரப்படும். நம் துறை இன்றும் இதையே கையாள்கிறது: டி1.5 தாழ்வு மண்டலம், டி2.0 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், டி2.5 புயல். நமக்கு முக்கியமானது தொடக்கப் புள்ளியான டி1.0. அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. மேகக்கூட்டம் குறைந்தது 12 மணி நேரம் நிலைத்திருக்க வேண்டும். அதன் மையம் என்று கருதப்படும் இடம் 2.5 பாகை விட்டத்துக்குள் ஆறு மணி நேரமாவது அலையாமல் நிற்க வேண்டும். மைனஸ் 31 டிகிரிக்கும் குளிர்ந்த அடர்மேகம் 1.5 பாகைக்கு மேற்பட்ட அளவில், மையத்திலிருந்து 2 பாகைக்குள் இருக்க வேண்டும்.

ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். மலைக்காரர்களுக்கு எளிதான அளவுகோல் சொல்கிறேன்: 2.5 பாகை என்பது கொடைக்கானலிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான நேர்க்கோட்டுத் தூரத்தைவிடச் சற்றே கூடுதல், 1.5 பாகை என்பது கொடைக்கானலிலிருந்து உதகை வரையிலான தூரத்தைவிடச் சற்றே கூடுதல். கைப்பேசித் திரையில் தமிழ்நாடு தெரியும்படி வைத்துக்கொண்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் இந்த இரண்டு தூரங்களையும் குறித்து, அப்படியே கடலின் மேல் நகர்த்திப் பாருங்கள். மூன்றும் பொருந்தினால் டி1.0. சராசரி வளர்ச்சி நாளொன்றுக்கு ஓர் எண் என்பதால், எல்லாம் சாதகமாக இருந்தால் அங்கிருந்து புயலாக ஒன்றரை நாள் ஆகும். ஒக்கி போன்றவை இந்தக் கணக்கை மதிக்கா. மறுபக்கம், 2024-இல் ஃபெங்கல் நவம்பர் 26-இலேயே ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகியும், புயலாவதற்கு 29 வரை இழுத்தடித்தது; அந்த மூன்று நாளும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கருக்கொள்ளுதல் என்பது நேர்கோட்டில் நடப்பதல்ல என்பது விளங்கியிருக்கும்.

அறிக்கையோடு ஒப்பிடுதல்

நீங்கள் ஒரு முடிவுக்கு வந்த பிறகே, வந்ததைக் குறித்துவைத்த பிறகே, அதிகாரப்பூர்வ அறிக்கையைத் திறக்க வேண்டும். முன்பே திறந்தால் கண் அதையே பார்க்கும். புதுதில்லியிலுள்ள மண்டல சிறப்பு வானிலை மையம் வங்கக்கடல், அரபிக்கடல் இரண்டுக்கும் நாள்தோறும் வெளியிடும் வெப்பமண்டல வானிலைக் கண்ணோட்டத்தில், தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பு அடுத்த ஏழு நாள்களுக்கு 24 மணி நேரத் துண்டுகளாகக் கொடுக்கப்பட்டிருக்கும். 'குறைவு' என்றால் 33 விழுக்காடு வரை, 'மிதமானது' என்றால் 34 முதல் 67 வரை, 'அதிகம்' என்றால் 68 முதல். வியாழக்கிழமைதோறும் இரண்டு வாரத்துக்கான நீண்ட முன்னோட்டமும் வரும். அதில் மேடன்-ஜூலியன் அலைவு பற்றி ஒரு பத்தி இருக்கும். 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றி வரும் இந்த மேக அலை இந்தியப் பெருங்கடலின் மேல் வலுவாக இருக்கும் வாரங்களில் கருக்கொள்ளும் வாய்ப்பு கூடும்.

உங்கள் முடிவும் அறிக்கையும் முரண்பட்டால் அறிக்கையையே பின்பற்றுங்கள். நாம் பார்க்கும் படம் அவர்களிடமும் இருக்கிறது. அதோடு மிதவைகள், கரையோர ரேடார்கள், செயற்கைக்கோள் அளவுகளை உள்வாங்கி ஓடும் கணினி மாதிரிகள் ஆகியவையும் இருக்கின்றன. நாமே படிப்பதன் பயன், அவர்கள் 'மிதமானது' என்று எழுதும் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று புரிந்து, களத்தையும் வாய்க்காலையும் ஒரு நாள் முன்னதாகக் கவனித்துக்கொள்வது மட்டுமே. உங்கள் கணிப்பை ஊர் வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கையாகப் பரப்புவது வேண்டாத வேலை.

மலைக்கு வரும்போது

கடலில் இவ்வளவு உதவும் செயற்கைக்கோள், மலையில் ஒரு முக்கியமான இடத்தில் சறுக்கும். மேக உச்சியின் குளிர்ச்சியை வைத்து மழையைக் கணக்கிடும் முறை, உயர்ந்த மேகத்துக்கே அதிக மழை என்று கொள்கிறது. ஆனால் ஈரமான கிழக்குக் காற்று நம் சரிவுகளில் மோதி மேலேறும்போது, அதிக உயரமில்லாத மேகமே மணிக்கணக்கில் விடாமல் கொட்டும். அகச்சிவப்புப் படத்தில் அது சாம்பல் நிறமாக, அடக்க ஒடுக்கமாகத் தெரியும். கூரையிலோ காதைப் பிளக்கும். ஆகவே தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டது என்று உறுதியான பிறகு, படத்தைவிட மழைமானிக்கே முதலிடம். வானிலைத் துறை செய்வதுபோலக் காலை 8.30-க்கு அளந்து குறியுங்கள். மழை வலுத்தால் மூன்று மணிக்கு ஒருமுறை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதிகனமழை என்பது துறையின் வரையறை. ஏற்கெனவே ஒரு வாரம் நனைந்து ஊறிய சரிவில் இரண்டாவது நிலையிலேயே மண் நகரக்கூடும். மேட்டில் புதிதாக வெடிப்புத் தெரிந்தாலோ, ஓடைநீர் திடீரென்று சேறாகிக் குறைந்தாலோ, படத்தைத் திறக்க வேண்டாம். வீட்டைவிட்டு வெளியேறி, மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்குச் சொல்லுங்கள்.

என்னுடைய நோட்டில் அக்டோபர் 15 முதல் டிசம்பர் கடைசி வரை நாளுக்கு ஒரு வரி ஓடும். தேதி, விடியல் 5.30 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் மேகம் தங்கியிருந்த இடம், தெற்கே மேற்குக் காற்று உண்டா, வட்டம் மூடியிருக்கிறதா, மேகம் மையத்தின் எந்தப் பக்கம், நான் நினைத்த வாய்ப்பு, அறிக்கை சொன்ன வாய்ப்பு, மழைமானி. கடைசிக் கட்டத்தைத் தவிர மற்றவற்றைப் பென்சிலால் எழுதுகிறேன், அடுத்த நாள் திருத்த வேண்டியிருக்கும் என்பதால்.